தூங்கப் போகும்போது விழும் லேப்டாப்: விண்டோஸ் சோதனைக் கருவிகளில் எது உதவும், எது குழப்பும்?

மூடியை மூடுகிறீர்கள். திரை அணைகிறது, விசிறி மட்டும் நிற்கவில்லை. சிறிது நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் லேப்டாப் தானாகவே ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நிற்கிறது. சேமிக்காமல் வைத்திருந்த வேலை எல்லாம் போய்விட்டது. லேப்டாப் 'விழுகிறது' என்று இங்கே சொல்வது இதைத்தான். இந்தக் கோளாறுக்கு சர்வீஸ் கடைகளில் அதிகம் கிடைக்கும் பதில்கள் இரண்டு: "ஃபார்மட் அடிச்சிடலாம்", "போர்டு பார்க்கணும்". முதலாவதில் ஒரு நாள் வேலை போகும், இரண்டாவதில் பணம் போகும். இந்த இரண்டுக்கும் முன்னால், எந்த டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் சிறு மென்பொருள்) தூங்க மறுத்தது என்று விண்டோஸே பெரும்பாலும் எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்துவிட வேண்டும். அதைப் படிப்பதற்கான கருவிகள் அனைத்தும் இலவசம். ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஸ்லீப் கோளாறைக் கண்டுபிடிக்க எவ்வளவு உதவுகின்றன என்ற ஒரே அளவுகோலில் அவற்றை இங்கே பார்க்கலாம்.

முதலில், தூக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் கருவிகள் சொல்வது புரியும். ஸ்லீப் என்பது சுவிட்சை அணைப்பது போல ஒரே நொடியில் முடிகிற காரியம் இல்லை. விண்டோஸ் முதலில் செயலிகளுக்குத் தகவல் சொல்கிறது. பிறகு வைஃபை, புளூடூத், கிராபிக்ஸ், எஸ்எஸ்டி என ஒவ்வொரு சாதனத்தின் டிரைவருக்கும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி ஒரு கோரிக்கை போகிறது. இந்தக் கோரிக்கைக்கு ஐஆர்பி என்று பெயர். டிரைவர் தன் வேலையை முடித்துக்கொண்டு ஐஆர்பியைத் திருப்பித் தர வேண்டும். எல்லா டிரைவர்களும் தந்த பிறகுதான் பொறுப்பு பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) கைக்கு மாறும். ஒரே ஒரு டிரைவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராவிட்டால் மொத்த வரிசையும் அப்படியே நிற்கும். விண்டோஸ் ஓர் அளவுக்குக் காத்திருந்து பார்க்கும். அதற்கு மேல் வழியில்லாமல் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அந்த நிறுத்தத்தின் ஸ்டாப் கோடு, அதாவது நீலத்திரையில் வரும் பிழைக் குறியீடு, 9எஃப்; பெயர் டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். அதற்குள் திரை அணைந்துவிட்டதால் அந்த நீலத்திரையை நீங்கள் பார்ப்பதே இல்லை. ரீஸ்டார்ட் ஆனது மட்டும்தான் கண்ணில் படுகிறது. "புளூ ஸ்கிரீன் எதுவும் வரல, சும்மா ஆஃப் ஆயிடுது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஆகவே முதல் சோதனைக்குக் காதும் கண்ணும் போதும். மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஸ்லீப் கொடுங்கள். விசிறி ஓடிக்கொண்டே, பவர் விளக்கு நிலையாக எரிந்துகொண்டே இருந்தால் இயந்திரம் தூக்கத்துக்குள் நுழையவே இல்லை. விசிறி நின்று, விளக்கு மெல்லத் துடித்தால் நுழைந்துவிட்டது. பிறகு விழிக்கும்போது செத்தால் அது வேறு கோளாறு, ரேமையும் பயாஸையும் அப்போது கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். மூடியால் மட்டும் கோளாறு வருகிறதா, மெனுவிலும் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜர் போட்டு ஒருமுறை, பேட்டரியில் ஒருமுறை. இந்த நான்கு விடைகளைத் தாளில் எழுதி வைத்துவிட்டுக் கருவிகளுக்கு வரலாம்.

பவர்சிஎஃப்ஜி

எல்லாவற்றிலும் எளிமையானது இது, முதலில் ஓட்ட வேண்டியதும் இதுவே. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கமாண்டு பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் போடுங்கள். உங்கள் லேப்டாப் எந்த வகைத் தூக்கத்தை அறியும் என்று பட்டியல் வரும். எஸ்3 என்று இருந்தால் அது பழைய முறை: ரேமுக்கு மட்டும் மின்சாரம், மற்றவை அணைந்துவிடும். "எஸ்0 லோ பவர் ஐடில்" என்று இருந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை: போன் போலப் பாதி விழித்தபடியே கிடக்கும். கிட்டத்தட்ட 2020க்குப் பின் வந்த இன்டெல் லேப்டாப்களில் இதுதான் மிகுதி.

இந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்றால், இரண்டு வகைக்கும் சாகும் நேரமே வேறு. எஸ்3 இயந்திரம் மூடியதும் சில நிமிடத்துக்குள் விழும். மாடர்ன் ஸ்டாண்ட்பை இயந்திரம் மூடியதும் ஒழுங்காகத் தூங்கிவிட்டு, பேட்டரி குறிப்பிட்ட அளவு இறங்கியபின் தானாக ஹைபர்னேட்டுக்கு (ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும் நிலை) மாறும்போது விழும். இரவு மூடி வைத்தது காலையில் செத்துக் கிடக்கிறது என்றால் முதலில் அந்த மாற்றத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். சோதிக்க வழி உண்டு: ஷட்டவுன் என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு ஹெச் போட்டால் நேராக ஹைபர்னேட்டுக்குப் போகும். அங்கேயே விழுந்தால், காலைவரை காத்திருக்காமலே கோளாறு கையில் கிடைத்துவிட்டது.

இதே கருவியில் ஸ்லீப்ஸ்டடி என்ற கட்டளையும் உண்டு. கடைசி மூன்று நாள் தூக்கத்தை ஓர் ஹெச்டிஎம்எல் கோப்பாகத் தரும். டியூரேஷன் சேர்த்தால் 28 நாள்வரை பின்னால் போகலாம். எந்தச் சாதனம் தூக்கத்தில் அதிக நேரம் விழித்திருந்தது என்று நிறம் போட்டுக் காட்டும். மாடர்ன் ஸ்டாண்ட்பையில் பேட்டரி வடிவதைப் பிடிக்க இதைவிட நல்ல அறிக்கை இல்லை. ஆனால் சாவுக்குக் காரணம் கேட்டால் அரைகுறை விடைதான் கிடைக்கும். ரிக்வெஸ்ட்ஸ், வேக்டைமர்ஸ் போன்ற கட்டளைகளையும் இணையத்தில் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவை தூங்காமல் அடம்பிடிக்கும் லேப்டாப்புக்கும், நடு இரவில் தானாக எழும் லேப்டாப்புக்கும் உரியவை. தூங்கப் போய் விழும் லேப்டாப்புக்கு அவற்றால் பயனில்லை.

ஈவென்ட் வியூவர்

பார்க்கக் கரடுமுரடானது, தேவையில்லாத எச்சரிக்கைகளால் பயமுறுத்தும். ஆனாலும் ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்: விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம், அதில் கர்னல்-பவர் என்று வடிகட்டுங்கள். 42 என்பது "தூங்கப் போகிறேன்" என்ற பதிவு; 107 என்பது "எழுந்துவிட்டேன்". மாடர்ன் ஸ்டாண்ட்பையில் இவற்றின் இடத்தில் 506, 507. நல்ல லேப்டாப்பில் இவை ஜோடி ஜோடியாக வரும். 42 இருந்து, 107 வராமல், அடுத்து 41 நின்றால் ஜோடி அறுந்த இடம் அதுதான்.

41ஐப் பார்த்ததும் "பவர் சப்ளை போச்சு" என்று முடிவுகட்டுவோர் பலர். அது தவறு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மீண்டும் துவங்கினேன் என்பதைத் தவிர 41 வேறெதையும் சொல்லவில்லை. காரணம் அதன் டீடெய்ல்ஸ் தாவலில் இருக்கிறது. பக்செக்கோடு என்ற வரியைப் பாருங்கள். எண் தசம முறையில் இருக்கும், ஸ்டாப் கோடுகளோ பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் எழுதப்படுபவை, அதனால்தான் தேடினாலும் பலருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 159 என்றால் அது 9எஃப். 160 என்றால் ஏ0, அதாவது இன்டர்னல் பவர் எரர். 0 என்றால் நீலத்திரை பதிவாகவே இல்லை. இயந்திரம் முழுக்க உறைந்திருக்க வேண்டும், அல்லது மின்சாரம் அறுந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரி உண்டு; அதில் 0 அல்லாத எண் இருந்தால் யாரோ பவர் பொத்தானை அமுக்கி அணைத்திருக்கிறார்கள்.

ரிலையபிலிட்டி மானிட்டரும் இதே தகவலை நாட்காட்டி போல அழகாகக் காட்டும். கோளாறு எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முந்தைய நாள் எந்த அப்டேட் ஏறியது என்று பார்க்க மட்டும் அதைத் திறக்கலாம்.

வின்டிபிஜி

இந்த வரிசையில் குற்றவாளியின் பெயரைச் சொல்லக்கூடியது இது ஒன்றே. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. புரோகிராமர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருப்பது வருத்தம். 9எஃப் ஒன்றைப் படிக்க மூன்று கட்டளை போதும்.

வின்டிபிஜி படிப்பது டம்ப் கோப்பை, அதாவது விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததன் பதிவை. ஓட்டுவதற்கு முன் அது எழுதப்படுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். சிஸ்டம் பிராப்பர்ட்டிஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரி என்று போனால் டம்ப் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோமேட்டிக் அல்லது கர்னல் மெமரி டம்ப் வையுங்கள். இடம் குறைந்தால் டம்பைத் தானாக அழிக்கும் வழக்கத்தை நிறுத்தும் பெட்டியும் அதே சாளரத்தில் உண்டு, அதை டிக் செய்யுங்கள். சி டிரைவில் பேஜ்ஃபைல் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைக்கும் கோப்பு) இருக்க வேண்டும்; "எஸ்எஸ்டி ஆயுள் கூடும்" என்று அதை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு டம்ப் கிடைக்காது.

அடுத்த முறை விழுந்ததும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் ஃபோல்டரிலிருந்து புதிய கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து வின்டிபிஜியில் திறங்கள். இணையம் தேவை, சிம்பல் கோப்புகளை இறக்கிக்கொள்ளும். முதல்முறை சில நிமிடம் பிடிக்கும். பிறகு ஆச்சரியக்குறி, அனலைஸ், இடைவெளி, கழித்தல் குறி, வி என்று அடியுங்கள். நீண்ட பட்டியல் ஓடும். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்க்1 முதல் ஆர்க்4 வரையான நான்கு எண்கள்.

ஆர்க்1 என்பது 3 ஆக இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஒரு குறிப்பிட்ட சாதனம் ஐஆர்பியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். ஆர்க்4 அந்த ஐஆர்பியின் முகவரி, ஆர்க்2 அந்தச் சாதனத்தின் முகவரி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பட்டியலின் கீழே இமேஜ் நேம் என்ற இடத்தில் பிசிஐ.சிஸ் என்று வந்தால் அதையே குற்றவாளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிசிஐ.சிஸ் விண்டோஸின் சொந்தக் கோப்பு. அந்தச் சாதனம் தொங்கிக்கொண்டிருக்கும் கிளை மட்டுமே. எனவே நிற்காமல் ஆச்சரியக்குறி, ஐஆர்பி, இடைவெளி, ஆர்க்4 முகவரி என்று அடியுங்கள். வரும் வரிகளில் இடப்பக்கம் அம்புக்குறி போன்ற அடையாளம் உள்ள வரிதான் ஐஆர்பி இப்போது சிக்கியிருக்கும் இடம். அங்கே எழுதியிருக்கும் டிரைவர் பெயரே நீங்கள் தேடி வந்த விடை. என்வி-எல்டிடிஎம்கேஎம் என்றால் என்விடியா கிராபிக்ஸ். நெட்-டபிள்யூடிடபிள்யூ என்று தொடங்கினால் இன்டெல் வைஃபை.

பெயர் புரியாவிட்டால் மூன்றாவது கட்டளை: ஆச்சரியக்குறி, டெவ்ஸ்டாக், ஆர்க்2 முகவரி. சாதனத்தின் அடையாளச் சரம் வரும். அதில் வெண்டர் எண்ணைப் பாருங்கள். 8086 இன்டெல், 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 1002 ஏஎம்டி கிராபிக்ஸ், 144டி சாம்சங் எஸ்எஸ்டி. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு சாதனத்தின் டீடெய்ல்ஸ் தாவலிலும் ஹார்டுவேர் ஐடி இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆர்க்1 என்பது 4 ஆக இருந்தால் கொஞ்சம் கஷ்டம். தூக்கத்துக்குப் போகும் வேளையில் பிளக் அண்ட் பிளே பகுதி பூட்டியே கிடந்திருக்கிறது; ஆர்க்2 பொதுவாக 12சி என்று காட்டும், அதாவது 300 விநாடி காத்திருந்து பார்த்திருக்கிறது. யுஎஸ்பி டாக், கார்டு ரீடர், புளூடூத் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இணைவதும் பிரிவதுமாக இருந்தால் இப்படி ஆகும். மினிடம்ப் இதற்குப் போதாது, கர்னல் டம்ப் வேண்டும். அவ்வளவு தூரம் போகுமுன் டாக்கையும் எல்லா யுஎஸ்பி சாதனங்களையும் கழற்றிவிட்டு ஐந்து முறை தூங்கவைத்துப் பாருங்கள். பல இயந்திரங்களில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

புளூஸ்கிரீன்வியூ

நிர்சாஃப்ட் தரும் சின்ன இலவச மென்பொருள். இரண்டு கிளிக்கில் டம்ப் பட்டியல் வருவதால் எல்லோரும் இதைத்தான் முதலில் இறக்குகிறார்கள். மற்ற நீலத்திரைகளுக்கு ஓரளவு உதவும். 9எஃப்க்கு உதவாது: இது ஐஆர்பியைப் பின்தொடர்வதில்லை, நின்ற இடத்து ஸ்டாக்கை (அப்போது ஓடிக்கொண்டிருந்த அழைப்புகளின் வரிசையை) மட்டும் பார்க்கிறது. நிறுத்தியது விண்டோஸின் மையப் பகுதியான கர்னல்தான் என்பதால் என்டிஓஎஸ் கர்னல் கோப்பின் வரியை இளஞ்சிவப்பு நிறத்தில் காட்டும். அதைப் பார்த்து விண்டோஸே கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மட் அடிப்பவர்கள் உண்டு. ஃபார்மட்டுக்குப் பிறகு விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடி ஏற்றும், கோளாறும் மறுபடி வரும்.

பெயர் தெரிந்த பிறகு

டிரைவரை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். அங்கே பழைய பதிப்புதான் இருக்கிறது என்றால் சிப் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போகலாம். கோளாறு ஓர் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் ரோல்பேக். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்போம்" என்னும் மென்பொருள்களை நெருங்க வேண்டாம். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்று திருத்திய டிரைவரைத் தூக்கிவிட்டுப் பொதுப் பதிப்பைப் போடுவதால் இருந்ததும் கெடும்.

டிரைவர் மாற்றியதும் ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் உண்மையான ஷட்டவுன் இல்லை: கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். சோதனை நடக்கும் நாட்களில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தே வைப்பது நல்லது. "சக்தியைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுக்கும்படி எல்லா வீடியோக்களிலும் சொல்கிறார்கள். சாதனம் சும்மா கிடக்கும்போது அணைவதைத்தான் அது முதன்மையாகக் கட்டுப்படுத்துகிறது. மொத்த இயந்திரமும் தூங்கும்போது கோரிக்கை எப்படியும் போகும். சில சமயம் பலன் தரும், ஆனால் அதை நம்பி நிற்காதீர்கள். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் என்பதை ஆஃப் செய்து பார்ப்பது, குறிப்பாக எஸ்எஸ்டி, வைஃபை சந்தேகத்தில் இருக்கும்போது, அதைவிட உருப்படியான சோதனை.

ரெஜிஸ்ட்ரியில் பிளாட்ஃபார்ம்ஏஓஏசிஓவர்ரைடு என்ற மதிப்பை 0 ஆக்கி மாடர்ன் ஸ்டாண்ட்பையை அணைக்கும் வழி மிகப் பரவலாகிவிட்டது. உங்கள் பயாஸில் எஸ்3 ஆதரவு இருந்தால் மட்டுமே அது செல்லும். இல்லாத இயந்திரத்தில் செய்தால் ஸ்லீப் என்ற விருப்பமே மெனுவிலிருந்து மறைந்துவிடும். செய்யுமுன் பவர்சிஎஃப்ஜி பட்டியலில் எஸ்3 பக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று படியுங்கள்: ஃபர்ம்வேர் (பயாஸ் போல வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஆதரிக்கவில்லை என்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

டம்பே இல்லையென்றால்

பக்செக்கோடு 0, மினிடம்ப் ஃபோல்டர் காலி. எஸ்எஸ்டியே முதலில் தூங்கிவிட்டால் டம்ப் எழுத இடமில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதை இங்கே முதல் வேலையாக வைக்கலாம். பிறகு பயாஸ். பயாஸ் ஏற்றுமுன் பிட்லாக்கரை (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) சஸ்பெண்ட் செய்து, ரிக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாருங்கள். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது.

அடுத்து வைஃபை, புளூடூத், கார்டு ரீடர், கைரேகை சென்சார், தனி கிராபிக்ஸ் இவற்றை டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொன்றாக டிசேபிள் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை தூங்கவையுங்கள். ஒருமுறை பிழைத்ததை வைத்து முடிவுகட்ட வேண்டாம். திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் நீக்கிச் சோதிக்க முடியாது. பேசிக் டிஸ்பிளே டிரைவரில் விண்டோஸ் ஸ்லீப்பையே அனுமதிக்காது. சேஃப் மோடில் ஸ்லீப் கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

விண்டோஸா வன்பொருளா என்று பிரிக்க, நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு லினக்ஸ் (லைவ் பென்டிரைவ்) நல்ல நடுவர். அதில் பூட் செய்து சஸ்பெண்ட் கொடுங்கள். அங்கேயும் விழுந்தால் பயாஸ், ரேம், போர்டு பக்கம் பாருங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிச் சோதியுங்கள், மெம்டெஸ்ட்86இல் நான்கு சுற்று ஓட்டுங்கள். லினக்ஸிலேயே இன்னொரு அருமையான வசதி இருக்கிறது. சிஸ் ஃபோல்டருக்குள் பவர், அதற்குள் பிஎம்_டெஸ்ட் என்ற கோப்பில் ஃப்ரீஸர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என்ற சொற்களில் ஒன்றை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) எழுதிவிட்டு சஸ்பெண்ட் கொடுத்தால், அந்தப் படிவரை மட்டும் போய், ஐந்து விநாடி நின்று, திரும்பி வரும். ஃப்ரீஸர் தாண்டி டிவைசஸில் விழுந்தால் டிரைவர். கோர்வரை எல்லாம் தாண்டி உண்மையான தூக்கத்தில் மட்டும் விழுந்தால் பயாஸ் அல்லது போர்டு. எஸ்3 உள்ள இயந்திரத்தில் இவ்வளவு துல்லியமாகப் படி பிரித்துக் காட்டும் கருவி விண்டோஸில் இல்லை என்பது பெரிய குறை.

டிரைவர் வெரிஃபையர்

கடைசி ஆயுதம்: டிரைவர்களை வேண்டுமென்றே கடுமையாகச் சோதிக்கும் விண்டோஸ் கருவி. மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினால், ஒளிந்திருக்கும் தப்பான டிரைவர் நீலத்திரையோடு வெளியே வரும். ஆனால் பூட் ஆகும்போதே அது வெளிவந்து, லேப்டாப் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும் வாய்ப்பு உண்டு. அதனால் ரிஸ்டோர் பாயின்ட், பேக்கப், பிட்லாக்கர் கீ மூன்றும் தயாராக இல்லாமல் தொடக்கூடாது. மாட்டிக்கொண்டால் சேஃப் மோடில் வெரிஃபையர், இடைவெளி, சாய்கோடு ரீசெட்.

இத்தனையும் செய்து வன்பொருள்தான் என்று தெரிந்தால் கடைக்குப் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: எஸ்3யா எஸ்0வா, பக்செக்கோடு எண், ஆர்க்1, ஐஆர்பியில் சிக்கிய டிரைவர், பயாஸ் பதிப்பு, ஒரு ரேமில் என்ன ஆனது, லைவ் உபுண்டுவில் எந்தப் படியில் விழுந்தது. இதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிற மெக்கானிக்கிடம் நம்பி விடலாம். மடித்து ஓரமாக வைத்துவிட்டு "ஃபார்மட் அடிச்சுப் பார்ப்போம்" என்பவரிடமிருந்து லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.